கூடாரத்தில் குளிர் தரையிலிருந்துதான் ஏறும்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஜனவரி மாதத்தில், கொடைக்கானல் மேல்மலையில் உள்ள மன்னவனூரில், ஒரு தனியார் தோட்டத்தில் நண்பர்கள் மூவருடன் கூடாரம் போட்டுத் தங்கினேன். கூடாரத்தை வாடகைக்குக் கொடுத்தவர் கம்பளிகளைத் தாராளமாகவே தந்திருந்தார். ஆனால் கீழே விரிப்பதற்குத் தந்தது, விரல் நுனியால் அழுத்தினாலே தரை தட்டுப்படும் அளவுக்கு மெல்லிய ஒரு விரிப்பு. குளிர் என்றால் மேலே போர்த்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்திலேயே வளர்ந்தவன் என்பதால், மூன்று கம்பளிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு படுத்தேன். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தபோது மார்பின்மேல் கம்பளிகளின் கனம் அழுத்திக்கொண்டிருந்தது. முதுகும் இடுப்பும் மட்டும் ஈரத்துணியின்மேல் கிடப்பதைப் போலச் சில்லிட்டிருந்தன. புரண்டு படுத்தால் தோள்பட்டை சில்லிட்டது, மறுபடி புரண்டால் தொடை. கடைசியில் மூன்றில் இரண்டு கம்பளிகளை உருவி, ஒவ்வொன்றையும் நான்காக மடித்து, தோளிலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை வரும்படி தரையில் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த ஒன்றை மட்டும் போர்த்திக்கொண்டேன். கால் மணி நேரத்தில் உறங்கிவிட்டேன்.

கூடாரத்தில் கதகதப்பாக உறங்குவதைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த இரவைத்தான். மேலே போர்த்துவது இரண்டாவது வேலை, கீழே விரிப்பதே முதல் வேலை. பணமாக இருந்தாலும் பையில் இடமாக இருந்தாலும், தரைக்கும் உடம்புக்கும் நடுவில் வருவதற்குத்தான் முதலில் ஒதுக்க வேண்டும்.

இதன் காரணம் எளிமையானது. கம்பளியோ ஸ்லீப்பிங் பேக் எனப்படும் உறக்கப்பையோ தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. பிளாஸ்கில் ஊற்றிய காப்பியைப் பிளாஸ்க் சூடாக்குவதில்லை, சூடாக இருந்ததை ஆறாமல் வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதுபோல உடம்பு உண்டாக்கும் வெப்பத்தை இழைகளுக்கு இடையே அடைபட்டு நிற்கும் காற்று வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. ஆகவே போர்வையின் பலம் அதன் எடையில் இல்லை, அது உப்பி நிற்பதில்தான் இருக்கிறது. நாம் படுக்கும்போது நமக்கு அடியில் உள்ள பகுதி உடல் எடையால் நசுங்கிக் காற்றை இழந்துவிடுகிறது. எவ்வளவு விலை உயர்ந்த உறக்கப்பையாக இருந்தாலும் அதன் அடிப்பக்கம் ஏறக்குறைய ஒரு துணியாகவே மிஞ்சுகிறது. அப்போது குளிர்ந்த மண்ணுக்கும் உடம்புக்கும் நடுவில் நிற்கக்கூடியது, மேட் எனப்படும் நசுங்காத படுக்கை விரிப்பு மட்டுமே.

எந்த இடத்துக்கு எவ்வளவு குளிரைக் கணக்கில் வைப்பது

பொருள்களை எடுத்து வைப்பதற்கு முன்பு, போகிற இடத்தின் இரவு வெப்பநிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது நம்பத்தகுந்த கணக்கு. பெரியகுளம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டரிலும் கொடைக்கானல் 2,100 மீட்டருக்குச் சற்று மேலேயும் இருப்பதால், மலையடிவாரத்தில் சட்டையோடு நிற்க முடிகிற அதே மாலையில் மேலே 12 டிகிரி வரை குறைந்திருப்பதில் வியப்பில்லை. நீலகிரியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம். அந்த நாட்களில் தலைக்குந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களில் வெப்பநிலை 0 டிகிரியைத் தொடும் விடியற்காலைகள் உண்டு. இமயமலையில் தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் முதல் பனிப் பயணமாகத் தேர்ந்தெடுக்கும் கேதார்காந்தா சிகரம் ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரமுள்ளது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் அதன் மேல் முகாம்களில் இரவு வெப்பநிலை 0-க்குப் பல டிகிரி கீழே போகும். இந்த இரண்டு நிலைமைகளுக்கும் ஒரே தயாரிப்பு போதாது.

கைப்பேசி காட்டும் வெப்பநிலையை அப்படியே எடுத்துக்கொள்வதும் தவறு. அது பெரும்பாலும் ஊருக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது. நீங்கள் படுக்கப்போகும் புல்வெளி அதைவிடக் குளிர்ந்திருக்கலாம். மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும். அதனால்தான் காற்றின் வெப்பநிலை 3 அல்லது 4 டிகிரியாக இருக்கும்போதே புல் நுனியில் வெள்ளையாக உறைபனி படிந்துவிடுகிறது. நட்சத்திரங்கள் மிகத் தெளிவாகத் தெரிகிற இரவுதான் கண்ணுக்கு அழகான இரவு, கூடாரத்துக்குக் கடுமையான இரவும் அதுவே. அதோடு, நள்ளிரவைவிட விடியலை ஒட்டிய நேரமே மிகவும் குளிரும் என்பதால், பத்து மணிக்குப் படுக்கும்போது சரியாக இருக்கிறது என்று நினைத்து எதையும் காரிலோ பைக்குள்ளோ விட்டுவிடக் கூடாது.

கூடாரம் போடும் இடம்

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஏரிக்கரை, ஓடைக்கரை, இரண்டு மேடுகளுக்கு நடுவில் உள்ள தட்டையான புல்தரை ஆகியவைதான் படம் எடுக்க ஏற்ற இடங்கள் என்பதால், பெரும்பாலானோர் அங்கேதான் கூடாரம் போடுகிறார்கள். ஆனால் இரவின் குளிர் வந்து சேர்வதும் ஈரம் மிகுந்திருப்பதும் அங்கேதான். பள்ளத்திலிருந்து ஒரு மாடி அல்லது இரண்டு மாடி உயரம் மேலேறினாலே வேறுபாடு உடம்புக்குத் தெரியும். அதற்காக மலையின் உச்சி விளிம்புக்கும் போய்விடக் கூடாது, அங்கே காற்று அடித்துத் தள்ளும். சரிவின் இடைப்பகுதியில், காற்று வரும் திசையில் புதரோ பாறையோ மறைப்பாக உள்ள, சமமான சிறு இடமே நல்லது. காய்ந்த கிளைகள் தொங்காத மரம் அருகில் இருந்தால் இன்னும் நல்லது. மரத்தின் கவிகை தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழப்பதைத் தடுப்பதால், மரத்தடியில் பனி குறைவாகவே இறங்கும்.

கூடாரத்தின் வாசலைக் காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கமாக வையுங்கள். நான்கு பேருக்கான கூடாரத்தில் இருவர் படுத்தால் உள்ளே வீணாகக் கிடக்கும் இடமெல்லாம் குளிர்தான். ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவு போதும். கூடாரத்துக்கு அடியில் தார்ப்பாய் விரிப்பதாக இருந்தால், அது கூடாரத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டிக்கொண்டிருந்தால் மேலிருந்து வழியும் பனிநீரை அதுவே ஏந்தி உங்களுக்கு அடியில் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

காட்டுப் பகுதியில் அனுமதியில்லாமல் தங்குவது சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கும் காட்டில் தங்குவதற்கும் வனத்துறையின் அனுமதி தேவை. தனியார் நிலமாக இருந்தாலும் அந்த மாவட்டத்தில் கூடாரத் தங்கல் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மேட்

இப்போது தரைக்கு வருவோம். மேட்டின் குளிர்தாங்கும் திறனை ஆர் மதிப்பு என்ற எண்ணால் குறிக்கிறார்கள். எண் கூடக் கூட, உடல் வெப்பம் தரைக்குள் இறங்குவது குறையும். முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி இந்த எண்ணைச் சொல்லிவந்தது. 2018-இல் ஏ.எஸ்.டி.எம். எஃப்3340 என்ற பொது அளவீட்டு முறை வெளியான பிறகு, அதன்படி அளக்கப்பட்ட மேட்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது. நம் ஊர் மலைகளில் சாதாரண இரவுகளுக்கு 2 போதும். உறைபனிக் காலத்துக்கு 3 முதல் 4 வரை இருப்பது நல்லது. பனித்தரையின்மேல் படுப்பதற்கு 5 அல்லது அதற்கு மேல் தேவை.

இந்த எண்ணில் மிகப் பயனுள்ள ஒரு வசதி, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மேட்களைப் போட்டால் இரண்டின் மதிப்பையும் அப்படியே கூட்டிக்கொள்ளலாம் என்பது. முட்டைத் தட்டைப் போல மேடுபள்ளங்களோடு மடிந்து விரியும் ஃபோம் மேட் ஒன்றின் மதிப்பு ஏறத்தாழ 2. விலை உயர்ந்த மேட்டை வாங்க முடியாதவர்கள் அப்படிப்பட்ட இரண்டை அடுக்கினாலே நீலகிரியின் உறைபனியைத் தாங்கிவிடலாம். ஃபோமில் இன்னொரு நிம்மதியும் இருக்கிறது. காற்றடைத்த மேட்டில் ஒரு முள் குத்திவிட்டால் அந்த இரவு முழுவதும் வெறுந்தரைதான். ஃபோமில் ஓட்டை விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. குளிர் மிகுந்த இடங்களுக்குப் போகிறவர்கள் கீழே ஒரு ஃபோமும் அதன்மேல் காற்றடைத்த மேட் ஒன்றுமாக எடுத்துப்போவது இதனால்தான்.

வீட்டில் இருக்கும் பொருள்களை நம்பிப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். யோகா மேட் வழுக்காமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டது, குளிரைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டது அன்று. 6 மில்லிமீட்டர் கனமுள்ள யோகா மேட்டின் மதிப்பு 1-ஐ எட்டுவதே அரிது. விருந்தினருக்காக வாங்கி வைத்திருக்கும் காற்று மெத்தை அதைவிட ஏமாற்றக்கூடியது. உள்ளே இழையோ ஃபோமோ இல்லாத அந்த மெத்தையில், அடைபட்ட காற்று மேலும் கீழும் சுழன்று உடம்பின் வெப்பத்தைத் தரைக்குக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கும். தரையிலிருந்து அரை அடி உயரத்தில் படுத்திருந்தும் நடுங்குவது இதனால்தான். அந்த மெத்தைதான் இருக்கிறது என்றால், அதற்கு மேலே, உடம்பை ஒட்டி, ஒரு ஃபோம் மேட்டையோ மடித்த கம்பளியையோ போட்டுக்கொள்ள வேண்டும்.

மேட் போதவில்லை என்பது இரவில்தான் தெரியவருகிறது என்றால், கையில் இருப்பதையெல்லாம் கீழே தள்ளுங்கள். காலியான முதுகுப்பையைக் கால்களுக்கு அடியிலும், ஜெர்கினை இடுப்புக்கு அடியிலும், அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தோளுக்கு அடியிலும் போடலாம். உடல் எடை அழுத்துகிற தோளும் இடுப்பும்தான் முதலில் சில்லிடும், அந்த இரண்டு இடங்களையும் காத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

உறக்கப்பையும் கம்பளியும்

உறக்கப்பையில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வெப்பநிலைகள் அச்சிடப்பட்டிருக்கும். கடைக்காரர் பெரும்பாலும் அவற்றில் மிகக் குறைந்ததைத்தான் சொல்வார். ஐ.எஸ்.ஓ. 23537 என்ற தர அளவின்படி முதலாவது, சராசரிப் பெண் ஒருவர் உடலைத் தளர்த்திச் சுகமாக உறங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது, சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்து ஓரளவு உறங்கக்கூடிய எல்லை. மூன்றாவதாக உள்ள கடைசி எல்லை உறக்கத்தைப் பற்றியதே அன்று. அந்த வெப்பநிலையில் சில மணி நேரம் உயிரோடு இருக்கலாம், ஆனால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைய வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். எனவே ஆணோ பெண்ணோ முதல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் எதிர்பார்க்கும் குளிரைவிட 5 டிகிரி குறைவாக இருக்கும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த எண்களெல்லாம் அடியில் நல்ல மேட் இருக்கிறது என்ற கணக்கில் அளக்கப்பட்டவை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

வாத்து, கூஸ் போன்ற பறவைகளின் மென்தூவி நிரப்பிய பை எடை குறைவானது, நன்றாக உப்பும், ஆனால் நனைந்தால் கட்டிதட்டிப் பயனற்றுப்போகும். செயற்கை இழை நிரப்பியது கனமானது, ஆனால் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், விலையும் குறைவு. மூடுபனியும் தூறலும் எப்போது வருமென்று சொல்ல முடியாத நம் மலைகளுக்குச் செயற்கை இழையே பொருத்தம் என்பது என் கருத்து. அளவும் முக்கியம். மிகப் பெரிய பையில் உடம்பு சூடாக்க வேண்டிய காற்று கூடுகிறது, மிகச் சிறிய பையில் தோளும் முழங்காலும் உள்ளிருந்து இழைகளை நசுக்கிவிடுகின்றன. வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், பையைக் கையில் வாங்கியதும் விரித்துப் பார்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இழை ஒதுங்கிப் போய் வெறும் துணியாக நிற்கும் இடங்கள் உள்ளனவா என்று பாருங்கள். ஜிப்பை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். இரவு மூன்று மணிக்குப் பிய்ந்துபோகும் ஜிப்புக்கு மாற்று எதுவும் கிடையாது.

கூடாரம் போட்டவுடனே பையை அதன் உறையிலிருந்து எடுத்து, உதறி, விரித்து வைத்துவிடுங்கள். நாள் முழுவதும் அமுங்கிக் கிடந்த இழைகள் உப்பி எழுவதற்கு அரை மணி நேரமாவது வேண்டும். வீட்டிலும் அதைச் சுருட்டி அமுக்கியே வைத்திருந்தால் சில ஆண்டுகளில் உப்பும் தன்மை போய்விடும். பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள்.

பை இல்லாதவர்கள் நம் ஊர் மலைகளுக்குக் கம்பளிகளோடே போகலாம். போர்த்துகிற முறைதான் மாற வேண்டும். கம்பளியை மேட்டின்மேல் குறுக்காக விரித்து, நடுவில் படுத்து, இடப்பக்கத்தை வலப்பக்கத்துக்கு அடியிலும் வலப்பக்கத்தை இடப்பக்கத்துக்கு அடியிலும் செருகி, கால்பக்கத்தை மடித்துப் பாதங்களுக்குக் கீழே சொருகிவிட்டால், கடித உறைக்குள் வைத்ததைப் போல ஆகிவிடும். இரண்டாவது கம்பளியை அதற்கு மேலே போட்டுக்கொள்ளலாம். பக்கவாட்டில் திறந்து கிடக்கும் நான்கு கம்பளிகளைவிட இப்படிச் செருகிய இரண்டு மேலானவை. தூவிப்பை வைத்திருப்பவர்கள் கனமான கம்பளியை அதன்மேல் போடக் கூடாது, பை நசுங்கிவிடும். கம்பளியைப் பைக்கு அடியில் போடுவதே சரி.

உடுத்துவது, உண்பது, வெந்நீர்

நடந்து வந்த உடையோடு படுக்கக் கூடாது. காய்ந்ததைப் போலத் தோன்றினாலும் அதில் வியர்வை இருக்கும், அந்த ஈரம் ஆவியாகும்போது உடம்பின் வெப்பத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். பருத்தி ஈரத்தை விடாமல் பிடித்து வைப்பதால், பனியனும் ஜீன்ஸும் குளிருக்கு மிக மோசமான உடைகள். படுப்பதற்கென்றே ஒரு தெர்மல் உள்ளாடையையும் ஒரு ஜோடிக் கம்பளி சாக்ஸையும் தண்ணீர் புகாத கவரில் போட்டு எடுத்துச் சென்று, உறங்கும் நேரத்தைத் தவிர வேறு எதற்கும் அவற்றைத் தொடாமல் இருப்பது நல்ல பழக்கம். கம்பளி ஓரளவு ஈரமானாலும் கதகதப்பை விட்டுக்கொடுக்காது. மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் மன்னவனூரில் இருக்கிறது. அங்கே மேயும் ஆடுகளைக் காலையில் பார்த்தபோது, முதுகு ரோமத்தின் நுனியில் பனித்துளிகள் மினுங்கிக்கொண்டிருந்தன, ஆடுகளோ எந்தச் சலனமும் இல்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

சாக்ஸ் தளர்வாக இருக்க வேண்டும். இரண்டு ஜோடியைத் திணித்துப் போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து பாதம் மேலும் சில்லிடும். தலைக்குக் குரங்குக் குல்லா அவசியம். உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகவே போகிறது என்று பலர் சொல்வது உண்மையன்று. தலை தன் பரப்பளவுக்கு ஏற்ற பங்கைத்தான் இழக்கிறது. ஆனால் மற்ற எல்லாம் மூடியிருக்கும்போது திறந்திருப்பது அது ஒன்றுதான் என்பதால், அதை மூடுவதில் கிடைக்கும் பலன் பெரிது. மூக்கையும் வாயையும் மட்டும் வெளியே விடுங்கள். பைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சு விட்டால் மூச்சின் ஈரம் இழைகளில் சேர்ந்து, விடியற்காலையில் பை நசநசவென்று ஆகிவிடும்.

இரவுச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். உடம்பு என்ற அடுப்புக்கு அதுதான் விறகு. நெய் விட்ட வெண்பொங்கலோ, சப்பாத்தியும் பருப்பும் முட்டையுமோ, கொழுப்பும் புரதமும் சேர்ந்த சாப்பாடு மெதுவாகச் செரித்து நீண்ட நேரம் வெப்பம் தரும். தலைமாட்டில் நான்கு கடலைமிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்குக் குளிரில் விழித்தால் ஒன்றைக் கடித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுக்கலாம். மது மட்டும் வேண்டாம். அது தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் சூடேறுவதைப் போன்ற உணர்வைத் தருகிறது. உண்மையில் உள்ளே இருக்க வேண்டிய வெப்பம் அந்த நேரத்தில் வெளியேறிக்கொண்டிருக்கிறது.

பிளாஸ்கைப் போலவே உறக்கப்பையும் தானாகச் சூடாக்காது என்பதால், பைக்குள் நுழையும் முன்பே உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். வியர்க்காத அளவுக்குப் பத்து நிமிடம் விரைவாக நடங்கள், அல்லது தோப்புக்கரணம் போடுங்கள். பிறகு சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுங்கள். குளிரில் சிறுநீர் கூடுதலாகவே வரும். இரவில் எழ வேண்டியிருக்குமே என்று மாலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், வந்த பிறகு அடக்கிக்கொண்டு புரள்வதும் உறக்கத்தைத்தான் கெடுக்கும். எழுந்து போய்விட்டு வந்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி சூடாகிவிடலாம்.

இவை எல்லாவற்றையும்விட உடனடியான சுகம் தருவது வெந்நீர் பாட்டில். ஒற்றைச் சுவர் கொண்ட ஸ்டீல் பாட்டில், கெட்டியான டிரெக்கிங் பாட்டில், ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் வெந்நீர்ப் பை ஆகியவற்றில் எதுவும் உதவும். கடையில் வாங்கும் மினரல் வாட்டர் பாட்டில் கொதிநீரில் நெளிந்து சுருங்கி ஒழுகிவிடும். வெப்பம் வெளியே வராத பிளாஸ்க்கும் இதற்குப் பயன்படாது. கொதித்த நீரைச் சில நிமிடம் ஆறவிட்டு ஊற்றி, மூடியை இறுக்கி, தலைகீழாகப் பிடித்து ஒரு சொட்டும் கசியவில்லை என்று பார்த்து, தடிமனான சாக்ஸுக்குள் நுழைத்து, இரண்டு தொடைகளுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய இரத்தக் குழாய்கள் அங்கே தோலுக்கு அருகில் ஓடுவதால், சூடேறிய இரத்தம் பாதம்வரை போகும். உறக்கம் கண்ணைச் சுழற்றும்போது பாட்டிலைக் காலால் பாதத்தின் பக்கம் தள்ளிவிடலாம். ரப்பர் பையாக இல்லாவிட்டால், விடியற்காலையில் அதே தண்ணீரை வெதுவெதுப்பாகக் குடிக்கலாம்.

கூடாரத்துக்குள் நெருப்பு வேண்டவே வேண்டாம்

இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். கரி அடுப்பு, பார்பிக்யூ மிச்சம், கேஸ் ஸ்டவ், கேஸ் ஹீட்டர் ஆகிய எதையும் கூடாரத்துக்குள்ளோ அதன் வாசல் மறைப்புக்குள்ளோ எரியவிடாதீர்கள். அணைந்ததைப் போலக் கிடக்கும் கரித்தணலையும் உள்ளே கொண்டுவராதீர்கள். காற்று போதாமல் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. அது இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு ஒட்டிக்கொள்கிறது. உறங்குகிறவர்கள் விழிப்பதற்கு வாய்ப்பே இல்லாமல் போகிறது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில், கேரளத்திலிருந்து சென்றிருந்த எட்டுப் பேர், குழந்தைகள் உட்பட, குளிருக்காகக் கேஸ் ஹீட்டரை வைத்துக்கொண்டு கதவு சன்னல்களை அடைத்துப் படுத்த ஓர் அறையில் உயிரிழந்தார்கள். செங்கல் சுவர் கொண்ட அறையிலேயே இப்படி நடந்திருக்கிறது. கூடாரமோ ஒரு பெரிய பை அளவே ஆனது. காட்டை ஒட்டிய இடங்களில் வெளியே மூட்டும் தீயும் கூடாது, காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும்.

குளிருக்குப் பயந்து கூடாரத்தின் எல்லாத் திறப்புகளையும் அடைத்துவிடவும் கூடாது. மேலே உள்ள காற்றுவழியைத் திறந்தே வையுங்கள். அடைத்துவிட்டால் உள்ளே இருப்பவர்களின் மூச்சு ஈரம் கூரையின் உட்புறத்தில் நீர்த்துளிகளாகப் படிந்து, யாராவது தட்டியவுடன் மழையாக மேலே சொட்டும். காற்று சிறிது வந்து போகும் காய்ந்த கூடாரம், அடைத்த ஈரக் கூடாரத்தைவிடக் கதகதப்பானது.

குழந்தைகளோடு போகிறவர்கள் மேட்களை இடைவெளி இல்லாமல் ஒட்டிப் போட்டுக் குழந்தைகளை நடுவில் படுக்க வையுங்கள். கைகால் சில்லென்று இருப்பதைக் கொண்டு முடிவு செய்யாமல், பின்கழுத்துக்குக் கீழே விரலை வைத்துப் பாருங்கள், அங்கே வெதுவெதுப்பு இருந்தால் கவலையில்லை. கைக்குழந்தையைப் பெரியவர்களின் உறக்கப்பைக்குள் விடக் கூடாது, தலை உள்ளே நழுவி மூச்சு முட்டக்கூடும். என்னைக் கேட்டால், உறைபனி இரவில் கைக்குழந்தையைக் கூடாரத்துக்கே கொண்டுபோக வேண்டாம் என்பேன்.

நடுக்கம் நிற்காதபோது

உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே போனால் அது வெறும் குளிர் அன்று, மருத்துவ ஆபத்து. கட்டுப்படுத்த முடியாத நடுக்கம், வாய் குழறுதல், பொத்தான் போட முடியாத விரல்கள், தள்ளாட்டம் ஆகியவை அதன் அறிகுறிகள். குளிரிலேயே இருப்பவருக்கு நடுக்கம் தானாக நின்று, அவர் மந்தமாகிப் போவதுதான் இவற்றில் மிக மோசமானது. அதைத் தேறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். ஈர உடையைக் களைந்து, காய்ந்ததை உடுத்தி, முதலில் தரையிலிருந்து பிரித்து மேட்டின்மேல் கிடத்தி, சுற்றிப் போர்த்தி, அக்குளிலும் கவட்டிலும் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில்களை வையுங்கள். முழு நினைவோடு விழுங்க முடிகிறவருக்குச் சர்க்கரை சேர்த்த சூடான பானம் கொடுக்கலாம். கைகால்களைத் தேய்க்கக் கூடாது, எழுப்பி நடக்கவைக்கவும் கூடாது. பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்யுங்கள். இமயமலை உயரங்களில் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் அது உயர நோயாக இருக்கலாம். கம்பளி அதற்கு மருந்தாகாது, மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும், குறையாவிட்டால் கீழே இறங்கியே ஆக வேண்டும்.

0 டிகிரிக்குக் கீழே போகும் இடங்களுக்குச் சில சிறு குறிப்புகள். மறுநாள் உடுத்தும் உடையைப் பைக்குள் கால்மாட்டில் திணித்து வைத்தால் வெற்றிடம் குறையும், காலையில் உடையும் சில்லென்று இருக்காது. கைப்பேசியையும் பேட்டரிகளையும் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேலிருந்து உறையத் தொடங்கும் என்பதால், குடிநீர் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி வைத்தால் காலையில் வாய்ப்பகுதி உறையாமல் திறக்கும். ஈரமான ஷூக்களை ஒரு கவரில் கட்டிக் கூடாரத்துக்குள் வையுங்கள், வெளியே விட்டால் கல்லாகிவிடும்.

விடிந்ததும் பையைச் சுருட்டிவிட வேண்டாம். இரவு முழுவதும் உடம்பிலிருந்து வந்த ஈரம் அதற்குள் இருக்கிறது. அடுத்த இரவுக்கும் அதே பைதான் என்றால் அந்த ஈரம் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். ஜிப்பை முழுவதும் திறந்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, கூடாரத்தின்மேல் விரித்து வெயிலில் போடுங்கள். மலை வெயில் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் பை மறுபடி உப்பி எழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.